விஜயநகரத்து விஜய்குமார் ஐங்குமிழ் அடக்கியது

வாழ்க! மைசூரு விஜயநகர் நான்காம் ஸ்டேஜ் என்னும் குடியிருப்பில் மாடிப் போர்ஷன் முழுவதையும் வாடகைக்கு ஆள்பவனும், ஹனூர்ச் சோளக்காடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடியிலே உதித்தவனும், தொழிற்பேட்டைக் கம்பெனியொன்றின் தரக்கட்டுப்பாட்டுத் துறையைத் தன் இரு விழிகளால் புரப்பவனும், செந்நிற மின்கிட்டாரைச் செந்தோளில் தாங்கியவனுமாகிய விஜய்குமார் வாழ்க! மின்கம்பங்கள்தோறும் உறையும் மும்முனைத் தாயே, இக்காதை இடையூறின்றி நிறைவேற அருள்வாயாக. சாயங்காலமானால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் உன் வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்.

எவரோடு பொருதான் என்பீரேல், கேண்மின். அவன் வீட்டு ஹாலில், டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பத்து வாட் பேராற்றல் படைத்த பயிற்சி ஆம்ப் என்னும் கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று கருங்குன்றுபோல் வீற்றிருந்தது. அதன் நெற்றியிலே குமிழ்கள் ஐந்து; எத்திசை நோக்குகிறது என்று காட்ட ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெண்கோடு. முதலாமவன் கெயின், தொட்ட மாத்திரத்தில் கொதித்தெழுந்து இன்னொலியையும் கரகரக்கச் செய்யும் முன்கோபி. அடுத்தவன் பேஸ், ஜன்னல் கண்ணாடிகளை அதிர்விக்கும் பெருவயிற்றன். மூன்றாமவன் மிடில், இருக்கிறானா இல்லையா என்று வீட்டாருக்கே தெரியாத அடக்கமுடையான். நான்காமவன் ட்ரெபிள், செவிப்பறை துளைக்கும் ஊசிநாவினன். கடைக்குட்டி வால்யூமோ, மற்ற நால்வரின் குற்றங்களையும் தெருவுக்கு எடுத்துச் சொல்லும் கோள்வாயன். இவ்வைவரும் ஒருமனப்பட்டால் பிறப்பதே ‘டோன்’ என்னும் அமுதம். ஆனால் அவர்கள் கூட்டுக்குடும்பத்து ஓரகத்திகளைப் போலவே இருந்தார்கள்.

இத்தனை பாடு எதற்கு? சொன்னால் சிரிப்பீர்கள். தான் வாசிக்க, தன் மனையாள் உமாதேவி சோபாவில் வந்து உட்கார்ந்து, கையில் போன் இல்லாமல் ஒருநாள் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேண்டிய வரம். அதை அவளிடம் சொல்லக்கூட அவனுக்குக் கூச்சம். நடந்ததோ நேர்மாறு. கிட்டார் முதன்முதல் முழங்கிய மாலையில் அவள் ஹாலைத் துறந்து சமையலறை புகுந்தாள். மறுமுறை சமையலறையைத் துறந்து பின்கட்டு பால்கனி புகுந்தாள். அதன்பின் துணி காயப்போட மொட்டைமாடிக்கே ஏறிவிட்டாள். அன்று வீட்டில் துவைத்த துணியே இல்லை.

கீழிறங்கி வந்தவள், ஈரமேயில்லாத கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மாநிலம் நடுங்க ஓர் ஆணை பிறப்பித்தாள்:

“ஏனுங்க, இதா பாருங்க. ஆயுத பூசைக்குள்ள இந்தப் பொட்டில காதுக்கு ஒத்த சத்தம் வரோணும். இல்லீனா பொட்டி, கிட்டாரு ரெண்டையும் சேத்து மூட்டை கட்டிப் பரண்ல ஏத்திப்போடுவேன், ஆமா!”

அந்தப் பரணை நம் வீரன் அறிவான். நடைப்பயிற்சி எந்திரத்தின் உதிரி பாகங்களும், கேக் அடுப்பும், அவன் சித்திரம் தீட்டிய காலத்து வண்ணப்பெட்டியும் அங்கேதான் மீளாத் துயில் கொண்டிருந்தன. ஏறியது எதுவும் இறங்கியதில்லை.

ஆகவே அவன் யூடியூப் என்னும் தபோவனம் புகுந்து, சுவர் நிறையக் கிட்டார் தொங்கவிட்ட தாடிமுனிவர் பலரை அடிபணிந்தான். “மிடிலை அடியோடு ஒழித்துவிடு, பிழைப்பாய்” என்றார் ஒருவர். “மிடிலே உயிர், அதை ஒழித்தவன் ஒழிந்தான்” என்றார் அடுத்தவர். மூன்றாமவர் ஆம்ப்பையே மாற்றச் சொல்லிக் கீழே ஒரு லிங்க் கொடுத்திருந்தார். நடுவே ‘முதன்முதல் பழகுவோர்க்கு’ என்ற தலைப்பில் எளிய காணொளி ஒன்றும் எட்டிப் பார்த்தது. முதன்முதல் பழகுவோனா? யாரைப் பார்த்து? மீசை துடிக்க அதைத் தள்ளிவிட்டு மேலே போனான்.

போர் மூண்டது. முதற்கண் கெயினை முற்றும் முறுக்கி, ஆறு தந்திகளையும் மேலிருந்து கீழாகத் தன் வழக்கமான ஒரே இழுப்பாக இழுத்தான். அந்தோ! வண்டுக்கூட்டம் தகர டப்பாவில் அகப்பட்டாற்போன்ற பேரிரைச்சல் எழுந்து, சுவர் கடந்து, படி இறங்கி, கீழ்த்தளத்திலே பென்ஷனும் பிபி மாத்திரையுமாக அமைதி காத்துவந்த வீட்டு ஓனர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பணிசெய்து ஓய்வுபெற்ற ஆறுமுகசாமியின் இரு செவிகளிலும் பாய்ந்தது. பாதி வாழ்நாளை எந்திரங்களோடு கழித்த அப்பெரியவர், வாசலில் நின்று கன்னடமும் தமிழும் கைகோக்க முழங்கினார்:

“விஜீ! போர்ல தண்ணி இல்லாம மோட்டார் ஓடுதுப்பா! காயில் சுட்டுப்போயிரும், சீக்கிரம் ஆஃப் பண்ணு, பேக பேக ஆஃப் மாடு!”

நம் வீரன் ஆஃப் மாடினான். வேறென்ன செய்வான்?

ஆயினும் தளர்ந்தானல்லன். மறுநாள் மிடிலைப் பூச்சியத்துக்குத் துரத்தி, ட்ரெபிளை உச்சிமலை ஏற்றினான். பல் கூசிற்று, எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் ஒளிந்தது. பிறிதொரு மாலை பேஸைப் பெருக்கினான். ஷோகேஸில் நின்ற பீங்கான் யானைகள் அணிவகுத்து விளிம்புக்கு நடந்து, அவற்றுள் ஒன்று தும்பிக்கை இழந்தது. பின் சினந்து ஐவரையும் ஒருங்கே தாழ்த்தினான். கிட்டார் கம்பளிக்குள் புகுந்துகொண்டு முனகிற்று. இவ்வாறு திருகியும், மீளத் திருகியும், திருகியதை மறந்து புதிதாய்த் திருகியும், ஆபீஸ் விட்டு வந்த மாலைகளையெல்லாம் குமிழ்களுக்கே பலியிட்ட அம்மறவனின் ஆட்காட்டி விரல் காய்த்துப் போயிற்று. தந்தி பட்டுக் காய்க்க வேண்டிய இடக்கை விரல்களோ பிஞ்சு வெண்டைக்காயாகவே இருந்தன.

வந்தது ஆயுத பூஜை. உமாதேவி குளித்து, ஈரத்தலையை முடிந்து, ஸ்கூட்டர், மிக்சி, வாஷிங் மெஷின், அரிவாள்மனை என இல்லத்துப் படைக்கலம் அனைத்தையும் துடைத்துப் பொட்டிட்டு வந்தாள். கடைசியாக ஆம்ப்பின் முன் நின்றாள். மரணதண்டனைக் கைதியானாலும் பண்டிகை பண்டிகைதானே. பொட்டு வைத்தே பரணுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தாள். ஐந்து குமிழிலும் அந்த வெண்கோட்டின் நுனியில் சந்தனமும் குங்குமமும் வைக்கப் பார்த்தாள். ஐயகோ, ஒரு கோடு கிழக்கே, ஒரு கோடு மேற்கே, ஒன்று பாதாளம் நோக்கி! கோணல் பொட்டு வைத்துப் பூஜையில் நிறுத்த அவளுக்கு மனம் வருமா? ‘டக், டக்’ என்று ஐந்தையும் திருகி, வெண்கோடுகள் வானம் பார்க்க, நட்டநடுவில் நேரே நிமிர்த்தினாள். பிறகு வரிசையாகப் பொட்டு வைத்து, செவ்வந்திச் சரம் சூட்டி, சூடம் காட்டி, பொரிகடலை எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் விஜயதசமி. ஊரே ஜம்பூ சவாரி என்னும் தசரா யானை ஊர்வலம் பார்க்க அரண்மனைப் பக்கம் போயிருக்க, தெருவில் ஒரு ஹாரன் சத்தமும் இல்லை. உமாதேவி வாய் திறந்தாள்:

“பூசைல வெச்சத ஒருக்கா தொட்டுப்போடோணும். வாசிச்சுப்போட்டு மூட்டை கட்டுங்க. பொட்டுக் கலைஞ்சுதுன்னா பாருங்க!”

குமிழைத் தொடாமல் போரா? வாளை உறையிலிட்டு எப்படிப் பொருவான்? கண்ணீர் முட்ட, கிட்டாரை அணைத்து, எல்லாம் முடிந்ததென்று அதே ஒரே இழுப்பை இழுத்தான்.

என்ன விந்தை! முன்கோபி முறுவலித்தான், பெருவயிற்றன் இதமாக அசைந்தான், அடக்கமுடையான் அவைக்கு வந்தான், ஊசிநாவினன் தேன்நாவினனானான், கோள்வாயன் நற்செய்தி சொன்னான். ஆறு தந்தியும் ஒருமித்து எழுந்த அந்த நாதம் ஹாலை நிறைத்து, மெல்ல அடங்கி, அடங்கிய பின்னும் நின்றது. “மோட்டார் சரியாயிருச்சா? சந்தோஷம்பா!” என்று கீழிருந்து வாழ்த்தொலி எழுந்தது. சமையலறையில் கரண்டி நின்றது. உமாதேவி வந்தாள், ஆம்ப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், போனை டி.வி. ஸ்டாண்டு மேல் வைத்தாள், சோபாவிலே வந்து அமர்ந்தாள். இந்த ஒரு காட்சிக்காகவன்றோ இத்தனை மாலைகளைத் தோற்றான்! ஐங்குமிழ் அடக்கிய ஏந்தலே, பரண் தவிர்த்த பெருமானே, விஜயதசமியில் விஜயம் கொண்ட விஜயநகரத்து விஜயனே என்று நாமும் வாழ்த்த வாயெடுத்த அவ்வேளையில், கால்களை மடக்கி வாகாக உட்கார்ந்துகொண்ட அவள், முகமெல்லாம் மலர மொழிந்தாள்:

“சத்தம் நல்லாத்தானுங்க இருக்குது. செரி, ஒரு பாட்டு வாசிங்க.”

விஜய்குமாருக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது.