தேவகி அக்காவின் ஆட்டோவுக்கு முடி முளைத்த கதை

சிலருக்குச் சர்க்கரை இருக்கும், சிலருக்கு பிரஷர் இருக்கும். எனக்கு இருப்பது கவலை. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குக் கிளம்பி, கேள்வித்தாள் கஷ்டமாக வந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டுப் பாதி வழியில் திரும்பியவன் நான். அத்தோடு படிப்பு முடிந்தது. (கேள்வித்தாள் சுலபமாகத்தான் வந்ததாம். அதற்கும் கொஞ்ச நாள் கவலைப்பட்டேன்.)

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் எனக்கு ஒரு பஞ்சர் கடை. வலது பக்கம் பாபுவின் பைக் மெக்கானிக் ஷெட், இடது பக்கம் ஏகாம்பரம் அண்ணனின் பெயிண்டிங் ஷெட். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஏர் கம்ப்ரசர். நான் டியூபுக்குக் காற்றடிப்பேன், பாபு கார்பரேட்டரை ஊதுவான், அண்ணன் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பார். கம்ப்ரசரைத் துடைத்துப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கியது. அடுத்தவர் கையில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அது அமாவாசைக்கு முந்தின நாள். அண்ணனின் ஷெட்டில் தேவகி அக்காவின் ஆட்டோ நின்றது. பக்கத்து ஊரான வல்லத்துக்காரரான அக்கா அப்போதுதான் லைசென்ஸ் எடுத்து, பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மனிடம் கொண்டுபோய் எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏற்றாமல் முதல் சவாரி எடுப்பதில்லை என்று வேண்டுதல். இந்த அமாவாசை தவறினால் வண்டி இன்னும் ஒரு மாதம் சும்மா நிற்கும். பொம்பளைக்கு ஆட்டோ ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு மாதமே போதும். மத்தியானம் கடைசி மஞ்சள் கோட் அடித்துவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது.

காலையில், கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாயில் இருக்கும் பில்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையிலேயே உதிர்ந்தது. புதிதாக வாங்கத் திண்டிவனம் போக வேண்டும்.

"கெடக்குது வுடுபா. ஒரு நாளு பில்டர் இல்லன்னா அது இன்னா செத்தா பூடும்?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"தூசு உள்ள பூடுமேணா. அது பெயிண்ட்ல வந்து வண்டி பூரா சொரசொரன்னு ஆயிட்டா?"

"ஆவாது."

"ஆயிட்டா?"

அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். என்னோடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுந்து போவார்கள்.

நான் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு ஓடினேன். ஒரு காலி நெய் டப்பாவை எடுத்து அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டேன். பிறகு என் தலையணையின் மூலையை பிளேடால் கீறினேன். மனைவி கோமதி வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாத்துக்குத் தலாணிய அறுக்குற?"

"கம்ப்ரசருக்கு."

"அதுக்குத் தலை எங்க இருக்குது?"

டப்பா நிறைய இலவம்பஞ்சை அடைத்தேன். ஓட்டைகளின் வெளிப்பக்கம் கொசுவலையை நாலாக மடித்துக் கட்டி, டப்பாவைக் கொண்டுபோய்க் கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாயில் பொருத்தினேன். வெளியிலிருந்து ஒரு தூசி, ஒரு எறும்பு உள்ளே போக முடியாது. உள்ளே இருக்கும் பஞ்சைக் கம்ப்ரசர் இழுத்துவிடாமல் அதன் பக்கமும் ஒரு வலை வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. (உலகத்தில் இருக்கிற அத்தனைக்கும் கவலைப்பட்டேன், அந்த ஒன்றைத் தவிர.)

மத்தியானம் அண்ணன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே துப்பாக்கியை எடுத்தார். கம்ப்ரசர் தொட்டியில் பழைய காற்று இருந்தவரை மஞ்சள் கண்ணாடி மாதிரி படிந்தது. "பாத்தியாணா, ஒரு தூசு இல்ல," என்றேன். அடுத்த முறை கம்ப்ரசர் மூச்சு இழுத்தபோது டப்பாவுக்குள் ஏதோ சரசரவென்றது. என் வேலைக்கு அதுவே கைதட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முகப்பை முடித்துப் பக்கவாட்டுக்குப் போன அண்ணன் சட்டென்று கையை நிறுத்தினார். ஈர மஞ்சள் மேல் வெள்ளையாகப் பூனைமயிர். கதவில், மட்கார்டில், முதுகில், எங்கும். பாபு வந்து பார்த்தான். "இன்னாணா இது, ராஜகிரிக் கோட்ட கொரங்கு குட்டி போட்டா மாரி இருக்குது," என்றான்.

எனக்கென்னவோ பெரிய சைஸ் கோழிக்குஞ்சு மாதிரித் தெரிந்தது. ஒரு இழையைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

"ஈரத்துல கைய வச்ச, ஒடச்சிடுவேன்," என்றார் அண்ணன். "காஞ்சாத்தான் தேய்க்க முடியும்."

அண்ணன் டப்பாவைத் திறந்தார். பாதிப் பஞ்சு காணோம். மூடிவைத்துவிட்டுத் துப்பாக்கியைக் கழுவப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் தேவகி அக்கா வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார். நான் நெய் டப்பா, கொசுவலை, தலையணை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கடைசியில், "நா வேணா ஊர வுட்டே பூடறேங்க்கா," என்றேன்.

"நீ பூட்டா காத்து யாரு அடிக்கிறது?" என்ற அக்கா, அண்ணன் பக்கம் திரும்பினார். "காலையில ஓடுமா, ஓடாதா?"

"ஓடறதுக்கு இன்னா. பாக்கத்தான் சகிக்காது."

அக்கா குனிந்து அந்தப் பஞ்சை ஒரு ஊது ஊதிப் பார்த்தார். "பொறந்த புள்ள முடியோடத்தான மொத மொதல்ல கோயிலுக்குப் போவுது. அங்கயே எறக்கிடலாம். ஏகாம்பரண்ணா, தேய்க்கிற பேப்பர எடுத்துனு நீயும் வந்துடு." பிறகு என்னைப் பார்த்தார். "முடி குடுத்தவன் நீ. தாய்மாமன் நீதான். வேட்டி கட்டினு வா."

மறுநாள் மேல்மலையனூரில் பஸ்ஸும் வேனும் ஜனமுமாக நெரிசல். பூசாரி கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டியின் மேல் போட்ட குங்குமம் பஞ்சில் சிக்கிக்கொண்டு உதிரவே இல்லை. "இன்னா வேண்டுதல் இது?" என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். "மொத முடி," என்றார் அக்கா, ரொம்பச் சாதாரணமாக. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வண்டிகள் நிற்கிற இடத்தில் ஓரமாக, அண்ணன் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க ஆரம்பித்தார். மொட்டை போடும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். ஆட்டோவை மடியில் வைக்க முடியாது என்பதால், நான் அதன் மடியில், டிரைவர் சீட்டில் உட்கார வைக்கப்பட்டேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. முடி இறங்கியதும் முகப்பில் அக்கா சந்தனம் பூசினார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது அக்காவின் வீட்டுக்காரர்.

அப்போது, நிஜமாகவே மொட்டை போட்ட குழந்தையோடு ஒரு குடும்பம் வந்து, "செஞ்சி பஸ் ஸ்டாண்டு வருமா?" என்று கேட்டது. அக்கா என்னை இறக்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். முதல் சவாரி கிளம்பிப் போவதைப் பார்த்தபோது, வால்வைப் பிடுங்கிய டியூப் மாதிரி எனக்கு மூச்சு இறங்கியது. அவ்வளவு நிம்மதியில், திரும்பிப் போக எனக்கு வண்டியில்லை என்பதற்குக்கூட நான் கவலைப்படவில்லை.

அடுத்த வாரம் திண்டிவனத்துப் பில்டரைப் போட்டு, அண்ணன் மறுபடி மஞ்சள் அடித்துக்கொடுத்தார். ஆனால் உறவு மட்டும் போகவில்லை. ஆட்டோ கடைப்பக்கம் வந்தாலே கோமதி, "ஒன் மருமவப் புள்ள வந்துருக்குது, காத்து கொறைவா இருக்குது பாரு," என்று குரல் கொடுப்பாள். மாமன் கடையில் அதற்குக் கூலி கிடையாது.

போன மாதம் அக்கா புதிதாக இரண்டு சைடு கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "வெள்ளிக்கெழம புள்ளைக்குக் காது குத்தறோம். தாய்மாமன் வெறுங்கையோட வராத," என்றார்.

ஆட்டோவுக்கு என்ன சீர் செய்வது வழக்கம் என்று வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தூக்கமில்லை.