டயர் கடைக்குச் சுற்றுவழி

அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போதே சுற்றுலா ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். நாலு மணிக்குப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு, தலைகீழாக நின்றாவது, நாலு மணிக்குப் போய்ச் சேராமல் இருந்துவிடுவது. டாக்டர் ஐந்து மணிக்கு எழுந்து போய்விடுவார். அதற்கப்புறம் போய் நின்று, "அடடா!" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வீடு திரும்பிவிட வேண்டும். மனைவி கூடவே வருவதால் பழியும் சரிபாதியாகப் போய்விடும்.

சுற்றுலா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர் அவர். கூட வேலை செய்கிறவர்கள் சூட்டிய பட்டம் அது. பக்கத்துத் தெருவுக்கு ரொட்டி கொண்டுபோகச் சொன்னாலும் ஊரை ஒரு வலம் வந்துதான் போவார். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், ரொட்டியின் சூடு ஆறுவதற்குள் போய்விடுவார். பெரிய ரோட்டில் நேராகப் போன வேன்களெல்லாம் சிக்னலில் மாட்டிக்கொண்டு ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கும்போது, இவர் மரக்கடைச் சந்தில் புகுந்து, பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக வெளிப்பட்டு, ஒரு கிடங்கின் முற்றத்தைக் குறுக்கே கடந்து, கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நிற்பார். அந்தக் கிடங்கின் காவல்காரர் முதலாளிக்கே கேட்டைத் திறக்க யோசிப்பார். இவருக்கு மட்டும் ஹாரன் சத்தம் கேட்டாலே திறந்துவிடுவார்.

"நேரா போறதுக்கு டிரைவர் எதுக்கு? வண்டியைத் தள்ளிவிட்டா அதுவே போயிடும்" என்பது சுற்றுலாவின் கட்சி. யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை. மறுக்கக்கூடியவர்களெல்லாம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நாளாகத்தான் ஒரு சங்கடம். ஊரில் இருக்கிற போர்டுகளையெல்லாம் எழுதுகிறவர்களுக்கு அக்கறை போய்விட்டது. எல்லாவற்றையும் மசமசவென்று எழுதிவைக்கிறார்கள். சுற்றுலா அப்படித்தான் குறைபட்டுக்கொண்டார். ஒருநாள் ஆணியில் தொங்கிய முதலாளியின் கோட்டுக்கு வணக்கம் சொன்னார். கோட்டு பதில் சொல்லாததால் முதலாளி கோபமாக இருக்கிறார் என்று எண்ணி அன்று முழுக்கப் பயந்துகொண்டே வேலை பார்த்தார்.

அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கண் டாக்டரிடம் போனால் உண்மை வெளியே வந்துவிடும். உண்மை வெளியே வந்தால் வேனின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ரொட்டிக்குக் காகிதம் சுற்றுகிற மேசையில் உட்காரவைத்துவிடுவார்கள். ஊரையே சுற்றியவர் காகிதம் சுற்றுவதா? அதனால் கண்ணை நம்பாமல் மனப்பாடத்தை நம்பி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. வாங்குகிறவர்களின் உடம்புக்கேற்ப உடுப்புகளைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். வீட்டில் தைக்க உட்கார்ந்தால் நூல் கோத்துக் கொடுப்பது எப்போதும் அவர்தான். ஒரே குத்தில் கோத்துவிடுவார். அது அவருக்கு ஒரு பெருமை. போன மாதம் ஒருநாள் ஊசியும் நூலுமாக வெகுநேரம் மல்லுக்கட்டிவிட்டு ஊசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னங்க?"

"ஊசி சரியில்ல."

"ஊசிக்கு என்ன?"

"காதே வைக்கல. இப்பல்லாம் எல்லாத்துலயும் ஏமாத்தறாங்க."

அவள் ஊசியை வாங்கிப் பார்த்தாள். காது இருந்தது. நூலைக் கோத்தாள். ஒன்றும் பேசவில்லை. இந்த மாதிரி நேரங்களில் அவள் ஒன்றும் பேசாமலிருந்தால் அது அவருக்கு நல்லதல்ல என்பதை இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் இருவரும் கடைவீதியில் நடந்து வரும்போது அவர் ஒரு குப்பைத்தொட்டியில் இடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க பெரியவரே" என்று அதனிடம் சொல்லிவிட்டு நடந்தார். கூட வந்தவள் சிரித்திருக்கலாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கண்ணோடுதான் தினமும் விடியற்காலையில் வேனை எடுத்துக்கொண்டு போகிறாரா என்ற நினைப்புதான் வந்தது. அதன்பிறகு வேன் திரும்பி வந்து நிற்கிற சத்தம் கேட்கிறவரை அவளுக்கு எந்த வேலையிலும் மனம் செல்லவில்லை. தானே ஒரு முடிவெடுத்தாள்.

"நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? நாலு மணிக்குப் பெரிய ரோட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"யாருக்குக் கண்ணு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு? எனக்கு எறும்பு கொட்டாவி விடறது தெரியும்."

"அதையே டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. சொல்லிட்டு வந்துடலாம்."

"சரி வரேன். ஆனா வழி நான் சொல்றதுதான்."

"நீங்க இருக்கும்போது நான் எதுக்கு வழி பார்க்கறேன்? ஆனா வண்டி வேண்டாம், பஸ்ல போவோம்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே என்று சுற்றுலாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. அப்போதுதான் அவர் அந்தச் சபதத்துக்கான அஸ்திவாரத்தைப் போட்டார்.

ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனால் பஸ் ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். சுற்றுலா மனைவியை எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார்.

"ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இல்ல?"

"பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. இவன் சுத்திக்கிட்டுப் போவான். ஆனா நிக்காம போவான்."

பஸ் நின்று நின்று போனது. ஜன்னலோரம் உட்கார்ந்த சுற்றுலா கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப பால் பண்ணை தாண்டுது" என்றார். பால் பண்ணை தாண்டியது. "இப்ப இடது பக்கம் ஒடிப்பான். ஒரு பள்ளம். அப்புறம் மெத்தைக் கடைகள்." பஸ் இடது பக்கம் ஒடித்தது, பள்ளத்தில் இறங்கி எல்லோரையும் ஒருமுறை தூக்கிப் போட்டது, மெத்தைக் கடைகள் வந்தன. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனுக்குள் ஊர் முழுவதும் மடித்து வைத்திருக்கிறதே என்று அவளுக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. அவரைக் கட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதை அவரிடம் சொன்னால் பிடிக்க முடியாது என்பதால் சொன்னதில்லை.

பஸ் போய்ச் சேர்ந்த இடத்தில் மர சாமான் விற்கிற நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. மேட்டுத் தெருவுக்குப் போக எல்லோரும் மூச்சு வாங்க ஏறுவார்கள். சுற்றுலா அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து, சரக்கு ஏற்றுகிற லிஃப்டில் மனைவியை நிறுத்தினார். நாலாவது மாடியின் பின்கதவு மேட்டுத் தெருவில்தான் திறக்கும். ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? லிஃப்டில் கண்ணாடி பதித்த ஒரு பீரோவும் கூட வந்தது. தன் எதிரே நின்ற ஆளுக்குச் சுற்றுலா ஒதுங்கி இடம் கொடுத்தார்.

"வாங்க சார், தாராளமா நில்லுங்க."

"யார்கிட்டங்க பேசறீங்க?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சவர் மாதிரி இருந்தது."

"தெரிஞ்சவர்தான். தினமும் நம்ம வீட்டுலதான் ஷேவ் பண்ணிக்கறார்."

மேட்டுத் தெருவில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. மனைவி நின்று அக்கம்பக்கம் பார்த்தாள்.

"ஏங்க, இங்கிருந்து ஒரு டாக்ஸி பிடிச்சா நேரா ஆஸ்பத்திரி வாசல்லயே இறங்கிடலாம்போல இருக்கே?"

சுற்றுலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்ஸியா? கொள்ளையடிப்பான்! நீ பேசாம என் பின்னால வா." சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆற்றுப் பக்கம் இறங்குகிற படிகளில் திரும்பினார்.

"கொஞ்சம் சீக்கிரம் நடங்க. படகு போயிடப் போகுது."

சுற்றுலா நின்றுவிட்டார். "படகுன்னு நான் சொல்லவே இல்லையே?"

"ஆத்துக்குப் போற படியில இறங்கறீங்க. வேற எதுக்கு, நீந்தவா?"

அதுவும் சரிதான் என்று சுற்றுலா இறங்கினார். படகுக்காரர் இவரைப் பார்த்ததும் கயிற்றை அவிழ்க்காமல் காத்திருந்தார்.

"என்ன அண்ணே, ரொம்ப நாளா காணோம்? எங்க இந்தப் பக்கம்?"

"பெரிய ரோட்டு ஆஸ்பத்திரிக்கு."

படகுக்காரர் துடுப்பைப் பிடித்தபடி யோசித்தார். "அது அக்கரையில இல்லையே அண்ணே. நீங்க வந்த கரைலதானே இருக்கு?"

"அக்கரைக்குப் போய், பாலத்து வழியா திரும்பி வர பஸ்ல ஏறினா வாசல்லயே இறக்குவான்" என்றார் சுற்றுலா.

படகுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஆற்றைப் பார்த்தாள். அவர் கயிற்றை அவிழ்த்தார்.

நடு ஆற்றில் சுற்றுலாவின் மனசு நிறைந்திருந்தது. எங்கோ மணி ஐந்து அடித்தது. காரியம் முடிந்தது. டாக்டர் இந்நேரம் கோட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார். இனி அக்கரையில் இறங்கி, கொஞ்சம் வருத்தப்பட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

"அடடா, நேரமாயிடுச்சே" என்று படகிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தார். "என்னம்மா பண்றது? உன் அதிர்ஷ்டம் அப்படி."

"பரவால்லைங்க. இன்னொரு நாள் பார்த்துக்கலாம். எனக்குக் கால்தான் வலிக்குது. எங்கயாவது உட்காரலாமா?" அவள் துறைக்கு எதிரே இருந்த புதுக் கட்டடத்தைக் காட்டினாள். "அது என்ன கடைங்க? போர்டுல என்ன போட்டிருக்கு?"

கூரைமேல் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. சுற்றுலா கண்ணை இடுக்கினார். எழுத்தெல்லாம் வழக்கம்போல மசமசப்பு. ஆனால் நடுவில் வட்டமாக, கறுப்பாக, பெரிதாக ஒன்று வரைந்திருந்தது. அவர் பிழைப்பில் வட்டமும் கறுப்புமாகப் பெரிதாக இருக்கக்கூடியது ஒன்றுதான்.

"டயர் கடை" என்றார்.

"அப்படியா? உட்கார விடுவாங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே? எல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஆளுங்கதான். என்னைப் பார்த்தா எழுந்து நிப்பாங்க. வா."

உள்ளே குளுகுளுவென்றிருந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த பெண் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சுற்றுலா மனைவியைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க சார். உங்களுக்குத்தானே கண் டெஸ்ட்? சொன்ன நேரத்துக்குச் சரியா வந்துட்டீங்களே. டாக்டர் இப்பதான் கேட்டாங்க."

சுற்றுலா வாசலைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு மனைவி நின்றாள். கால் வலிக்கிறவள்போலத் தெரியவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, "எதிர்ல இருக்கற எழுத்தைப் படிங்க" என்றாள்.

"எதிர்ல சுவர் இருக்குங்க. அது நிச்சயமா தெரியுது."

"கிட்டயும் சரியில்ல, தூரமும் சரியில்ல" என்றாள் டாக்டரம்மா. "நடுவுல கொஞ்சூண்டு இருக்கு."

"அந்தக் கொஞ்சூண்டுலதான் இவ்வளவு நாளும் ஓட்டிட்டிருந்தேன்" என்றார் சுற்றுலா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இனிமே வண்டி ஓட்டலாமா, டாக்டர்?"

அந்தக் கேள்வியைக் கேட்கிற தைரியம் இல்லாமல்தான் அவர் இத்தனை நாள் ஊரைச் சுற்றினார். வாசலில் நின்றவளும் அதே கேள்வியின் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள். டாக்டரம்மா கனமான சோதனைக் கண்ணாடி ஒன்றை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டாள்.

"இந்தப் பவர்ல கண்ணாடி போட்டா தாராளமா ஓட்டலாம். போடாம வண்டியைத் தொடக்கூடாது. இத்தனை நாள் எப்படித்தான் ஓட்டினீங்களோ!"

"அவருக்கு வழியெல்லாம் மனப்பாடம் டாக்டர்" என்றாள் மனைவி. "கண்ணை மூடிட்டே பஸ் எங்க போகுதுன்னு சொல்லுவார். இந்த ஊர்ல வேற யாரையாவது சொல்லச் சொல்லுங்க, பார்க்கலாம்."

சுற்றுலா குரல் வந்த பக்கம் திரும்பினார். மனைவியின் முகம் பளிச்சென்று தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிற முகம்.

"என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே? எப்ப இருந்து?"

"நீங்க குப்பைத்தொட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே, அன்னைக்கிருந்து."

சோதனைக் கண்ணாடி கொஞ்சம் பனித்தது. டாக்டரம்மா அதை வாங்கித் துடைத்து வைத்தாள்.

கண்ணாடி தயாராகிற வரை இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். சுற்றுலாவுக்கு மனசு லேசாகியிருந்தது. மனசு லேசானதும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"ஆமா, நான் இங்கதான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பிடிக்காத இடத்துக்குக் கிளம்பினா நீங்க படகு ஏறாம இருந்ததே இல்லைங்க. எங்க அண்ணன் வீட்டுக்கா, படகு. உங்க மேனேஜர் கூப்பிட்டாரா, படகு. பல் பிடுங்கப் போனீங்களே, அன்னைக்கு ரெண்டு தடவை படகு. இங்க புதுசா ஒரு கண் டாக்டர் வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். உடனே வந்து சொல்லிவெச்சுட்டேன்."

"அப்ப பெரிய ரோட்டு ஆஸ்பத்திரி?"

"அங்க நான் சொல்லவே இல்லையே."

சுற்றுலா மலைத்துப் போனார். அவர் ஒரு வழியைச் சுற்றினால் இவள் அவரையே சுற்றி வந்திருக்கிறாள்! தன்னைவிடப் பெரிய டிரைவர் ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள் என்பதில் அவருக்குக் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. ஆனாலும் ஒரு இடத்திலாவது மடக்காமல் விட மனசில்லை.

"எல்லாம் சரி. நான் மட்டும் மனசு மாறி உன்னை நேரா பெரிய ரோட்டுக்கே கூட்டிட்டுப் போயிருந்தா? அங்க உன் மானம் கப்பல் ஏறியிருக்குமே! அதை யோசிச்சியா?"

அவள் டீயை உறிஞ்சியபடி அதைப் பற்றி முதல்முறையாக யோசித்தாள்.

"நேராவா? நீங்களா?" என்றாள். "அந்தக் கவலை மட்டும் எனக்கு வரவே இல்லைங்க."