இல்லாத குழியை மூடியவர்கள்

வரைபடத்தில் தேடினால் அகப்படாத, பார்க்காமல் நடந்தால் கால் சுளுக்கிக்கொள்கிற நாடு ஒன்று உண்டு. பெயர் சமதளபுரி. அந்நாட்டுச் சாலைகளில் குழியே கிடையாது என்று மன்னர் முடிசூடிய அன்றே அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகு குழிக்கு அங்கே என்ன வேலை?

அட, அது உப்புக்காரத் தெருக் குழிக்குத் தெரிய வேண்டாமா! யானைக்குட்டி ஒன்று சுகமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிசு. மருத்துவச்சியின் மாட்டுவண்டி அதைத் தாண்டாது. வண்டி திரும்பிப் போனதால்தான் போன மாதம் அந்தத் தெருக்காரி ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்தாள். இப்போது அதே தெருப் பெண் கனகவல்லியின் அக்காவுக்கு நிறைமாதம். கனகவல்லி மண்வெட்டியை எடுத்தாள். தெருப் பிள்ளைகளைத் திரட்டினாள். பாட்டும் கூத்துமாகக் கல்லையும் மண்ணையும் கொட்டி, ஒரே நாளில் குழியை மூடிவிட்டார்கள்.

மறுநாளே சாலைத்துறை அமைச்சர் பரிவாரத்தோடு வந்து நின்றார்.

"எதை மூடினீர்கள்?"

"குழியைங்க ஐயா," என்றாள் கனகவல்லி.

"இந்நாட்டில் குழி ஏது? இல்லாததை மூடுவது அரசின் மீது அவதூறு. சாலை பழைய நிலைக்குத் திரும்பட்டும். இனி இளைஞர் எவரும் மண்வெட்டியைத் தொடலாகாது."

வீரர்கள் தோண்டினார்கள். ராஜவிசுவாசத்தில் கொஞ்சம் ஆழமாகவே தோண்டிவிட்டார்கள்.

பழைய நிலைக்குத் திரும்பிய சாலையைத் திறந்துவைக்க மன்னரே எழுந்தருளினார். அந்த நேரம் பார்த்தா அக்காவுக்கு வலி எடுக்க வேண்டும்? மருத்துவச்சியின் வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது. குழிதான் இல்லையே, அதனால் அதன் மேலேயே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். மன்னர் கையசைத்தபடி நடந்தார். பாதி வழியில் ஆளைக் காணோம்.

கீழேயிருந்து கம்பீரமான குரல் வந்தது. "அமைச்சரே, நாம் எங்கே இருக்கிறோம்?"

அமைச்சர் விளிம்பில் மண்டியிட்டார். "சாலையில்தான் பிரபு. தாங்கள் நிற்பதே சமதளம். சுற்றியுள்ள நாடுதான் சற்று மேடாகிவிட்டது."

"நம்மைவிட உயரமாக ஒரு நாடா? உடனே வெட்டித் தள்ளுங்கள்."

வீட்டுக்குள் அக்கா அலறுவது கேட்டது. கனகவல்லி முந்திக்கொண்டாள்.

"மேட்டை வெட்ட நாங்க மண்வெட்டியத் தொடலாமுங்களா ஐயா?"

"தாராளமாக. அது வளர்ச்சிப் பணி," என்றார் அமைச்சர்.

"வெட்டுன மண்ண எங்க போடுறதுங்க?"

"மேடில்லாத இடத்தில் போடு. இதுகூடவா தெரியாது?"

அவ்வளவுதான். தெருவே மண்வெட்டியோடு பாய்ந்தது. மண் விழ விழ மன்னர் அதன் மேல் ஏறி ஏறி நின்றார். கடைசியில் நாட்டைத் தம் அளவுக்கு இறக்கிவிட்டதாக அறிவித்து மாலை வாங்கிக்கொண்டார். அவர் பின்னாலேயே வண்டி கடகடவென்று ஓடியது. சற்று நேரத்தில் குழந்தை வீரிட்டது. கனகவல்லி அழுதுகொண்டே சிரித்தாள்.

பொழுது சாய்வதற்குள் நாட்டிலுள்ள எல்லாத் தெருப் பிள்ளைகளும் மண்வெட்டியும் கையுமாக அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார்கள். என்ன வேண்டும் என்று காவலர் அதட்டினார்.

"எங்க தெருவுக்கும் ராஜா ஒரு தடவை வந்துட்டுப் போகணுங்க," என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி. "கம்பளம் நாங்களே விரிச்சுக்கிறோம்."