சொந்த மலையில் மைனஸ் இரண்டரை

ஐஸ்லாந்து எரிமலைகளைப் பற்றிய கேள்விகளுக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கிய அதே காலையில், நான் பிறந்து வளர்ந்த ஜவ்வாது மலையைப் பற்றிய கேள்விகளுக்குப் பத்துக்கு மைனஸ் இரண்டரை வாங்கினேன். பூஜ்யம்கூட இல்லை, மைனஸ். ஒன்றுமே எழுதாமல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இரண்டரை மதிப்பெண் மிச்சமாகியிருக்கும். இத்தனை வருடம் கழித்து இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. (நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் மைனஸ் ஐந்தாகிவிடும்.)

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறேன் என்று பள்ளியில் ஒரு டீச்சர், "நீயெல்லாம் வக்கீலாத்தான் போவணும்" என்று திட்டினார். நான் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டேன். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியே தீருவது என்று வீட்டில் அறிவித்தேன்.

அந்தத் தேர்வில் சட்டத்தையே கேட்க மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. முழுக்க முழுக்க காம்ப்ரிஹென்ஷன். ஆங்கிலத்தில் ஒரு நீளமான பத்தியைக் கொடுத்து, அதைப் படித்துவிட்டு பதில் சொல் என்பார்கள். அப்புறம் இன்னொரு பத்தி. அப்புறம் இன்னொன்று. தவறான பதிலுக்குக் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. வீட்டில் ஆங்கிலம் அச்சடித்த எதையும் விடவில்லை. ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, அப்பா வாங்கி வந்த உர மூட்டை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்து, நானே கேள்வி தயாரித்தேன். ஒரு நாள் அம்மாவை நிறுத்தி, "இந்த மூட்டையோட மையக் கருத்து இன்னா, சொல்லு பாக்கலாம்" என்று கேட்டேன்.

"ஒரம்" என்றார் அம்மா. "எடுத்தும் போய் கொல்லையில கொட்டினு வா." (எங்கள் பக்கம் கொல்லை என்றால் விளைநிலம்.)

ஞாயிற்றுக்கிழமைகளில் போளூரில் இலவசப் பயிற்சி வகுப்பு நடந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிலிருந்து இறங்குவேன். பஸ்ஸிலும் பத்திகளைப் படித்துக்கொண்டே போவேன். (கொண்டை ஊசி வளைவுகளில் படித்தால் என்ன ஆகும் என்பதை என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். நான்காவது வாரத்திலிருந்து கண்டக்டரே எனக்கு ஜன்னலோர சீட் பிடித்து வைத்தார்.)

வகுப்பு எடுத்தவர் நித்யா மிஸ். எங்கள் மலையடிவாரத்துப் படவேட்டுக்காரர். அப்போதுதான் சட்டப் படிப்பை முடித்திருந்தார், எங்களைவிட ஆறேழு வயதுதான் பெரியவர். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பை ஒரே வாக்கியத்தில் ஆரம்பிப்பார்: "பத்தியில இருக்கறத மட்டும் எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சத எழுதாதீங்க."

நான் இதைக் குறித்துக்கொள்ளவே இல்லை. எனக்கு எதுவுமே தெரியாதே! திமிங்கிலமா, தெரியாது. பிரெஞ்சுப் புரட்சியா, தெரியாது. பத்தி என்ன சொன்னாலும் தலையாட்டுவேன். அதனாலேயே வகுப்பில் எப்போதும் முதல் நாலைந்து பேருக்குள் வந்தேன். என் அறியாமைதான் என் பலம் என்பது எனக்குத் தெரியாது.

கார்த்திகை மாதத்தில் வகுப்பிலேயே ஒரு தேர்வுச் சுற்று வைத்தார்கள். அதில் முதல் பத்து இடத்துக்குள் வருகிறவர்களைச் சென்னைக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. நான் சென்னையைப் பார்த்ததில்லை. எனக்கு இடம் நிச்சயம் என்று முடிவு கட்டி, பையை முந்தின வாரமே எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். முதல் பத்தி ஐஸ்லாந்து. அமைதியாக முடித்தேன். இரண்டாவது ஏதோ நீதிமன்றத் தீர்ப்பு. மூன்றாவது தேனீக்கள். நான்காவதின் தலைப்பைப் பார்த்ததும் துள்ளி எழுந்துவிட்டேன்: ஜவ்வாது மலையில் சாமை சாகுபடி.

"எங்க மலை!" என்று கத்திவிட்டேன்.

ஹாலில் இருந்த நாற்பது பேரும் திரும்பினார்கள். நித்யா மிஸ் உதட்டில் விரல் வைத்தார், ஆனால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் உட்கார்ந்தேன். கடவுளே இறங்கி வந்து கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்! சாமையைப் பற்றி என்னிடமா கேட்கிறீர்கள்? நேற்று மாலைகூடக் கதிரறுத்து முடித்த கை இது!

பத்தியை நான் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? நேராகக் கேள்விகளுக்குப் போனேன். சாமைக்குத் தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறார்கள்? யாரும் பாய்ச்சுவதில்லை, மழைதான். எப்போது விதைக்கிறார்கள்? ஆடியில். உமி நீக்குவது எளிதா, கடினமா? இதென்ன கேள்வி, கடினம். பத்து கேள்வியும் இரண்டே நிமிடம். ஒரு கேள்வியில் கொடுத்திருந்த நான்கு விடைகளுமே தவறு என்று பட்டது. பெருந்தன்மையோடு ஐந்தாவதாக ஒரு விடையை நானே எழுதி, அதற்கு டிக்கும் போட்டேன். கீழே, "கேள்வியைத் திருத்திக்கொள்ளவும்" என்று ஒரு குறிப்பு வேறு.

அரை மணி நேரம் முன்னதாகவே தாளைக் கொடுத்துவிட்டு, ஹாலைவிட்டு வெளியேறினேன். நடக்கவில்லை, மிதந்தேன்.

மதியமே முடிவை ஒட்டினார்கள். பதினோராவது இடம். மற்ற மூன்று பத்திகளிலும் நல்ல மதிப்பெண். நான்காவதில் மைனஸ் இரண்டரை. பத்தும் தவறு. பத்தாவது இடத்தில் இருந்த சந்தவாசல் பையனுக்கும் எனக்கும் ஒரே ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம். அவன் வாழ்க்கையில் சாமைச் சோறு சாப்பிட்டதே இல்லையாம். பத்துக்கு எட்டு வாங்கியிருந்தான்.

நித்யா மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுகை. வீட்டுக்கு வந்ததும் களத்தில் இருந்த அப்பாவிடம் சொன்னேன், "கேள்வித்தாள் தப்புப்பா. சாமையப் பத்தி தப்பு தப்பா எழுதிவச்சி, என்ன ஃபெயில் ஆக்கிட்டாங்க."

அப்பா ஐந்தாம் வகுப்பு. அதிகம் பேச மாட்டார். அன்று கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"சாமையப் பத்தியா?"

"ஆமாம்பா."

"நம்ம சாமையையா?"

அத்தோடு உள்ளே போய்விட்டார். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறன்று முதல் பஸ்ஸில் எனக்கு முன்பே அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி. மடியில் ஒரு கட்டு சாமைக் கதிர். காலடியில் இரண்டு துணிப்பைகள், ஒன்றில் சாமை அரிசி, இன்னொன்றில் உமி.

"எப்பா, இதெல்லாம் எதுக்குப்பா?"

"சாட்சி" என்றார். (வக்கீலாகப் போவது நானா, அவரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.)

வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா உள்ளே நுழைந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால். அப்பா கதிர்க்கட்டை நித்யா மிஸ்ஸின் மேசைமேல் வைத்தார். மேசையெல்லாம் மணி சிதறியது.

"வணக்கங்க மிஸ். இது எங்க கொல்லையில விளைஞ்ச சாமை. இதுக்கு இன்னா எழுதியிருக்காங்கன்னு கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க."

தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். மிஸ் அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பத்தியை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

"ஜவ்வாது மலையில வாய்க்கால் வெட்டி, தண்ணி பாய்ச்சி சாமை பயிர் பண்றாங்க."

"மலைமேல வாய்க்காலா?" என்றார் அப்பா.

"தை மாசத்துல விதைக்கறாங்க."

"தையிலயா! விதைச்சா எறும்புக்குத்தான் தீனி."

"உமி லேசா உதிந்துடறதால பொம்பளைங்களுக்கு வேலை சுலபம்."

அப்பா துணிப்பையைத் திறந்து ஒரு கைப்பிடி உமியை எடுத்துக் காட்டினார். "எங்க வூட்டுக்காரி தோள்பட்டையக் கேட்டுப் பாருங்க மிஸ். இப்போ மிஷின் வந்தும் ரெண்டு தடவ போட்டாத்தான் போவுது."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்கோ ஒரே நேரத்தில் அவமானம், பெருமை, பசி. மிஸ் சிரிக்கவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"நீங்க சொல்றதுதாங்க நெசம். ஆனா பரீட்சையில நெசத்தக் கேக்கல. இந்தத் தாள்ல இன்னா எழுதியிருக்குன்னு மட்டும்தான் கேக்கறோம். நெசமோ பொய்யோ, படிச்சதப் புரிஞ்சிகினாங்களான்னு பாக்கறதுதான் இந்தப் பரீட்சை."

அப்பா மேசையில் சிதறிய மணிகளைக் கையால் கூட்டி ஓரமாகக் குவித்தார்.

"அதாவது, ஒரு ஆளு வந்து நம்மகிட்ட எதையோ சொல்றான். அவன் இன்னா சொன்னான்னு திருப்பிச் சொல்லணும். நடுவுல நம்ம பேச்சு வரக் கூடாது."

"அதேதாங்க!"

"இவ்ளோதானா? அப்போ கேளுங்க கேள்விய."

மிஸ் பத்தி முழுவதையும் இன்னொரு முறை தமிழில் படித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கேள்விகள்.

"தண்ணி எப்படி?"

"வாய்க்கால்ல. இவன் சொல்றபடி."

"எப்போ விதைக்கறாங்க?"

"தையில. இவன் சொல்றபடி. நெசம் வேற."

ஒவ்வொரு சரியான பதிலுக்கும் வகுப்பு கைதட்டியது. மூன்று, நான்கு, ஐந்து. நான் எதற்குக் கைதட்டுவது, எதற்குத் தலைகுனிவது என்று தெரியாமல் நின்றேன். ஒன்பது கேள்வி, ஒன்பதும் சரி. ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர், ஒரு எழுத்து ஆங்கிலம் தெரியாதவர், மகள் மைனஸ் வாங்கிய அதே பத்தியில்!

பத்தாவது கேள்வி, எழுதியவரின் மனநிலை என்ன என்பது. மகிழ்ச்சியா, கோபமா, வருத்தமா, வியப்பா?

அப்பா நன்றாக யோசித்தார். "இத எழுதின ஆளு மலைக்கே வந்ததில்ல."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நித்யா மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது.

"அது நான்தாங்க எழுதினேன்" என்றார் மெல்ல. "மலையிலிருந்து ஒரு பொண்ணு வருதே, அது சந்தோஷப்படட்டும்னு போன்ல தேடி எழுதினேன். தினமும் எங்க வூட்டு மாடியிலிருந்து உங்க மலையத்தான் பாக்கறேன். ஏறினதில்ல."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். எனக்காக எழுதிய பத்தி. நான் ஒரு வரிகூடப் படிக்காத பத்தி.

அப்பா எழுந்து சாமை அரிசிப் பையை மிஸ்ஸிடம் நீட்டினார். "இது சாட்சிக்குக் கொணாந்தது. வச்சிக்குங்க. வர்ற ஞாயித்துக்கெழம வகுப்ப முடிச்சிட்டு பஸ் ஏறுங்க. கொல்லையக் காட்டறேன்."

சென்னைக்கு நான் போகவில்லை, பத்துப் பேர் போனார்கள். ஆனால் நித்யா மிஸ் மலைக்கு வந்தார். வந்தவர் அடிக்கடி வந்தார். களத்தில் உட்கார்ந்து புதுப் பத்திகளைக் கொடுத்து என்னை வாட்டினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா சாமையைத் தூற்றிக்கொண்டே எனக்கு முன்பாகப் பதில் சொல்வார். நான் வாயைத் திறந்து, "ஆனா நெசத்துல..." என்று ஆரம்பித்தால் இருவரும் சேர்ந்து, "பத்திப்படி!" என்று கத்துவார்கள். அந்த வருடமே எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது, மூன்றாவது பட்டியலில், கடைசிக்கு நாலு பேர் முன்னால். இப்போது திருவண்ணாமலையில் வக்கீலாக இருக்கிறேன். வழக்குக் கட்டை வாய்விட்டுப் படிக்காமல் எந்தக் கட்சிக்காரருக்கும் பதில் சொல்வதில்லை.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் விவரத்தாளைத் தரகர் சத்தமாகப் படித்தார்: எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, அமைதியான சுபாவம், சமைக்கத் தெரியும், பெரியவர்களிடம் மரியாதை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் பத்திப்படி. நெசப்படி இன்னா, தம்பி?"

தரகருக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குறட்டை வுடுவேங்க" என்றார். "கோவம் வந்தா ரெண்டு நாளு பேச மாட்டேன். சமைக்கத் தெரியும்னு போட்டிருக்குதே, அது தோசை மட்டும்தான்."

அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "பாப்பா, இவுரு பாஸ்."

குறட்டை நெசம்தான். பத்தியில் போட்டிருக்கலாம்.