சாளைக்குப் போன கல்யாணப் பாவு

பயந்தாங்கொள்ளிக்குத் தனியாகப் பயப்படத் தெரியாது. துணைக்கு நாலு பேரையாவது சேர்த்துக்கொண்டுதான் பயப்படுவான். நான் என் குடும்பம் மொத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன். கூடவே பட்டுப் பாவு ஒன்றையும்.

யுத்த சமயம். வெண்ணந்தூரில் எங்களுக்கு இரண்டு தறி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் (கணக்கு வாத்தியாரின் மீசைதான் காரணம்). அதனால் பேப்பரை நானாகப் படிக்க மாட்டேன். காப்பிக் கடையில் யாராவது உரக்கப் படித்தால் கேட்டுக்கொள்வேன். பேப்பரில் ஒரு குண்டு விழுந்தால், நான் வீடு வந்து சேர்வதற்குள் அது பத்தாகிவிடும்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி அங்கம்மாவுக்குக் குமாரபாளையத்தில் கல்யாணம் நிச்சயமானது. நெசவுக்காரன் மகள் கடைச் சேலை கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தால், அவள் அப்பன் தறியில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் நெசவுக்காரர்கள் வேறு. அப்பா எங்கெங்கோ அலைந்து ஒரே ஒரு சேலைக்கு அரக்குப் பட்டு வாங்கி வந்திருந்தார். யுத்தத்தில் அது கிடைத்ததே பெரிது. இன்னொரு தரம் கேட்டால் சிரிப்பார்கள்.

நெய்வதற்கு முன்னால், சேலையின் நீளத்துக்கு ஓடும் இழைகளையெல்லாம் சேர்த்துத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி வாரிக் காயவிட வேண்டும். அதுதான் பாவு. தெரு நெடுகப் பட்டு வெயிலில் மினுங்கும். எனக்கு அங்கேதான் பயம் பிடித்தது.

"ஏனுங்கப்பா, மேல ஆகாயக் கப்பல்ல போறவன் பாத்தா, இதா ஊருன்னு கோடு போட்டுக் காட்டுனாப்பல ஆயிராதுங்களா?"

"ஏன்டா, அவனென்ன பட்டுச் சேலை வாங்கவா வாரான்?" என்றார் அப்பா.

நான் இரண்டு வேளை சாப்பிடாமல் சுருண்டு படுத்தேன். அதைப் பார்த்து அம்மா பயந்தாள். எங்கள் வீட்டில் அம்மா பயந்தால் அப்பாவும் பயந்தே தீர வேண்டும்.

மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மேட்டுக்காடு இருந்தது. அதன் நடுவில் ஒரு சாளை. மண்சுவரும் சோளத்தட்டுக் கூரையுமாக ஒற்றைக் குடிசை. சுற்றிலும் கூப்பிடு தூரத்துக்கு ஆள் கிடையாது. அந்த இடம் மேலே போகிற எவன் கண்ணிலும் படாது என்று நான்தான் சொன்னேன். பாவைச் சுருட்டி வண்டியில் ஏற்றி, அப்பா, அம்மா, என் சம்சாரம், அங்கம்மா, நான் என்று எல்லோரும் போய்ச் சேர்ந்தோம்.

அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டவர் கருப்பண்ணன். நான் வண்டியை விட்டு இறங்காமலே விசாரித்தேன்.

"ஏனுங்க கருப்பண்ணா, இங்க புலி கிலி வருமுங்களா?"

"புலியெல்லாம் வராதுங்க சாமி. சிறுத்தைதான்."

"எப்பவாச்சும் தானுங்களே?"

"அதெப்படிங்க சொல்றது? அதுக்கென்ன நாளு கெழம தெரியுமுங்களா?"

"கரடி?"

"சேச்சே. எலந்தப்பழம் பழுக்கறப்பத்தானுங்க."

சாளையை ஒட்டி ஒரு இலந்தை மரம். அதன் அடியில் தரை முழுக்கப் பழம்.

குண்டுக்குப் பயந்து வந்தவனுக்கு அங்கே பயப்பட வேண்டியவை வரிசையாக நின்றன. கூரையில் தேள். சுனைக்குப் போகும் தடத்தில் பன்றிக் காலடி. தண்ணீருக்குப் போன சம்சாரத்துக்குத் துணையாகப் போய், பாதி வழியில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன் (அவள் தடுக்கி விழாமல் இருக்கத்தான்).

மறுநாள் விடிந்ததும் இரண்டு வேல மரங்களுக்கு நடுவே பாவை இழுத்துக் கட்டினோம். ஒரு முனைக் கயிற்றை அப்பா பிடித்து முறுக்கினார். மறுமுனையில் அங்கம்மா. மற்றவர்கள் கஞ்சி தடவி வாரினோம். வேலை பாதி முடிந்தபோது மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பியது. கூடவே ஒரு சத்தம்.

ம்ம்ம்ம்ம்...

என் உயிர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "கப்பல்! எல்லாரும் படுங்க!" என்று கத்தினேன். அம்மாவும் சம்சாரமும் தொப்பென்று குப்புற விழுந்தார்கள். அப்பா நின்றுகொண்டே இருந்தார். பெற்றவரைக் காப்பாற்ற வேண்டாமா? அவர் வேட்டியைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். வேட்டி வந்தது, அப்பா வந்தார், அவர் பிடித்திருந்த கயிறும் வந்தது.

"அண்ணா, இழுக்காத! பாவு, பாவு!" என்று அங்கம்மா அலறினாள். அவள் மட்டும்தான் படுக்கவில்லை.

நான் பக்கத்திலிருந்த பானையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அதில் பாதிக்கு மேல் கஞ்சி இருந்தது, கவிழ்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பானைக்குள் இருட்டு. சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. அப்போது என் பிடரியில் சூடாக ஒரு மூச்சு விழுந்தது. அடுத்து சொரசொரவென்று ஒரு நாக்கு. கழுத்தைச் சுற்றி நிதானமாக, ருசி பார்த்து நக்கியது. சிறுத்தைதான், சந்தேகமே இல்லை. கடிப்பதற்கு முன் நக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். தீர்ந்துபோனதும் கணக்கு வாத்தியார் பேரையும் சொன்னேன்.

"ஏனுங்க சாமி," என்று கருப்பண்ணன் குரல் கேட்டது, "வெள்ளாட்டுக்குத் தலைல கஞ்சி வெச்சு ஊட்டறதுதான் உங்கூட்டுப் பழக்கமுங்களா?"

பானையை எடுத்துப் பார்த்தேன். சுற்றிலும் அவருடைய ஆடுகள். ஒன்று என்னை நக்கியது. மற்றவை கஞ்சி வாசத்துக்குப் பாவின் மேல் ஏறி நின்று பட்டு இழைகளை மென்றுகொண்டிருந்தன.

"அந்தச் சத்தம்?" என்றேன்.

"அதுங்களா? பன்னி வராம இருக்கறதுக்கு மூங்கல்ல பனையோலையக் கட்டி உட்டிருக்கறனுங்க. காத்தடிச்சா மொனகும்."

அப்பா வேட்டியைத் தேடிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அடித்திருந்தால் தேவலை, அடிக்கவில்லை. அங்கம்மா பாவின் முனையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஆடு மென்ற இழைகள் அவள் விரல்களிலிருந்து ஈரமாகத் தொங்கின. அவள் அழவும் இல்லை. அதுவரை நான் பட்ட பயமெல்லாம் பயமே அல்ல என்று அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"நான் முடிஞ்சு தாரேன் சாமி," என்றேன் அவளிடம்.

சாளை வாசலிலேயே உட்கார்ந்தேன். அறுந்த இழை ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, கழுவி, முடிச்சுப் போட்டேன். சிறுத்தை வந்ததா, கரடி பழம் தின்றதா, தெரியாது. நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. கண் எரிந்து விரல் மரத்துப்போகும்வரை முடிந்துகொண்டே இருந்தேன். பிறகு ஊருக்குத் திரும்பி, அப்பா தறியில் ஏற்றி, இழை அறுந்த போதெல்லாம் என்னைத் திட்டி, ஒருவழியாக நெய்து முடித்தார்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மருமகளின் முந்தானையை இரண்டு விரலால் தடவினார். நெசவுக்காரி விரல். நான் பந்தல்காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஏஞ் சாமி, இதென்ன, சேலை பூரா முடிச்சா இருக்குது?"

அங்கம்மா தலை குனிந்தபடியே சொன்னாள்: "எங்கண்ணன் போட்டதுங்க அத்தை. ஒண்ணுகூட அவுறாதுங்க."

மாப்பிள்ளை சேலையைப் பார்த்தார், பந்தல்காலுக்குப் பின்னால் தெரிந்த என் பாதித் தலையைப் பார்த்தார். "நான் மூணே முடிச்சுப் போட்டதுக்கே கை நடுங்கிப் போச்சுங்க மச்சான்," என்றார்.

பந்தலே சிரித்தது. இன்றுவரை அவர்கள் வீட்டில் சண்டை வந்தால் மாப்பிள்ளை ஆள் அனுப்புகிறார்: "என் முடிச்சு இளகுதாட்ட இருக்குது, மச்சானை வந்து இழுத்துக் கட்டிட்டுப் போகச் சொல்லு." நானும் போகிறேன், பகலில் மட்டும்.