எழுமலைக்கு வந்த ரோமாபுரிப் பெயர்

2019 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், வரும் வாரத்துக்கான புடவைகளைக் கிழமை வரிசைப்படி தேய்த்து அடுக்கினேன். (திங்கட்கிழமைப் புடவையைச் செவ்வாயன்று கட்டினால் எனக்கு அன்று முழுதும் எதுவோ தப்பாகவே இருக்கும்.) பிறகு என் தம்பி மகளுக்குப் பேர் வைப்பதற்காக, திருநகரிலிருந்து எழுமலைக்குப் பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் சரிபார்த்துச் செய்கிற ஒருத்தியால் ஊர் கூடிய இடத்தில் எவ்வளவு பெரிய தப்பைச் செய்ய முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கம் குழந்தையின் காதில் பேரைச் சொல்வது அத்தையின் உரிமை. அது தம்பிக்கு மூன்றாவது பெண். தம்பி மனைவியின் பெயர் போதும்பொண்ணு. அவள் வீட்டில் அவள் நான்காவது பெண். பெண் பிறந்தது போதும் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக வைத்த பெயர். சாமிக்குத் தெரிந்ததோ என்னவோ, அவள் படித்த வகுப்புகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. டீச்சர் பேர் கூப்பிடும்போதெல்லாம் சிரிப்புதானாம்.

பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, உங்க தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. எங்க அப்பா வேற நிறைவுச்செல்வின்னு ஒரு பேரோட சுத்துறாரு. நீங்களே நல்லதாப் பாருங்க. கிளாஸ்ல வேற யாருக்கும் இருக்கக் கூடாது. எத்தனாவது புள்ளைன்னு அந்தப் பேரு சொல்லக் கூடாது. அம்புட்டுத்தான்."

"நான் பாத்துக்கிறேன் பொண்ணு. நீ தூங்கு," என்றேன். அந்த நம்பிக்கையில் அவள் தூங்கியும் விட்டாள்.

எனக்குப் பிடித்த தமிழ்ப் பெயர்களையெல்லாம் சொந்தத்தில் யாராவது எடுத்திருந்தார்கள். ஆகவே போன் வழியாக ரோமாபுரிக்குப் போனேன். அங்கே நமக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. கேட்க அழகான பெயர்கள். பொருளைப் பார்த்தால்தான் வம்பு. கிளாடியா என்றால் நொண்டி. சிசிலியா என்றால் கண் தெரியாதவள். போர்சியாவுக்குள் பன்றி இருந்தது. பெரும்பாலான வீடுகளில் அப்பாவின் குலப்பெயரையே சற்று நீட்டி மகளுக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு மகள்கள் என்றால் பெரியவள், சின்னவள். அதற்கு மேல் போனால் எண். டெர்ஷியா என்றால் மூன்றாவது. அத்தனை நாடுகளைப் பிடித்தவர்களுக்கு மகளுக்கு ஒரு பேர் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. டெர்ஷியாவை உடனே தள்ளினேன்.

கடைசியில் நின்றது ஆக்டேவியா. ராஜ குடும்பத்துப் பெண்கள் வைத்துக்கொண்ட பெயர். பொருள், எட்டாவது. இந்த இடத்தில்தான் என் மூளை அபாரமாக வேலை செய்தது. பிறந்திருப்பது மூன்றாவது பெண், பேர் சொல்வது எட்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆகவே இது எண்ணிக்கை ஆகாது. (ஆபீஸில் யாராவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.) பொருளைப் போதும்பொண்ணுவிடம் சொல்லத் தேவையில்லை என்றும் முடிவுசெய்தேன்.

வீட்டு வாசலில் பந்தல். குழந்தையின் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று முறை பேரைச் சொன்னேன். குழந்தை கொட்டாவி விட்டது. எங்கள் குடும்பத்தில் விசேஷம் என்றால் மைக் மாயாண்டி சித்தப்பாவின் கையில்தான் இருக்கும்.

"அத்தைக்காரி வச்ச பேரு ஆக்டேவியா. கேக்க நல்லாத்தான் இருக்கு. என்னத்தா அர்த்தம்?" என்று மைக்கை என் வாயருகே நீட்டினார்.

மகாராணி என்று சொல்லியிருக்கலாம். தங்கம், வைரம், எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்தப் பந்தலில் லத்தீன் தெரிந்தவர் யார்? ஆனால் கேட்ட கேள்விக்குத் தப்பான பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"எட்டாவது," என்றேன். தெருமுனை வரை கேட்டது.

"இது மூணுதானத்தா?"

"மூணுதான் சித்தப்பா."

"அப்ப மிச்சம் அஞ்சு?"

"மாப்ள, சொல்லவே இல்ல," என்று யாரோ தம்பியின் தோளைத் தட்டினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போன தம்பி திரும்பி வரவில்லை.

நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். விளக்கினேன். ரோமாபுரியில் பெண்களுக்கு எண் வரிசையில் பேர் வைக்கும் வழக்கத்தை மைக்கிலேயே எடுத்துச் சொன்னேன்.

"அப்ப நம்ம போதும்பொண்ணு அங்க பொறந்திருந்தா?" என்றார் சித்தப்பா.

"நாலாவது. குவார்ட்டா."

பின்வரிசை ஆண்களுக்கு அந்தச் சொல் வேறொன்றை நினைவூட்டியது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

போதும்பொண்ணு சிரிக்கவில்லை. டீச்சர் பேர் கூப்பிட்டபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அப்போது பார்த்தேன். எழுந்து வந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கினாள். சித்தப்பாவிடமிருந்து மைக்கையும் வாங்கினாள்.

"அத்தை சொல்லி முடிச்சாச்சு. இப்ப அம்மா சொல்றேன். எம்மக பேரு வசந்தி."

அது என் பெயர்.

"ஏத்தா, அது ஒன் மதினி பேருல்ல?"

"ஆமா. அந்தப் பேரைச் சொல்லி யாரும் சிரிச்சு நான் பாத்ததில்ல. அவங்க எத்தனாவதுன்னும் ஒருத்தரும் கேட்டதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சாப்பிடாம பஸ் ஏறிராதீங்க." மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

இன்று சின்ன வசந்தி பள்ளிக்கூடம் போகிறாள். என் வயதுக்காரிகளோடு அந்தப் பெயர் நின்றுபோனதால், அவள் வகுப்பில் வேறு வசந்தி இல்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு வசந்தி இருப்பது குழப்பம் என்றும், பெரியவள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் என்னைக் கேட்காமலே முடிவானது. இப்போதெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தப்பா, "ஆக்டேவியாவுக்கு ஒரு இலை போடுங்கப்பா," என்று மைக்கிலேயே சொல்கிறார். புதிதாக வந்த மருமகள்கள் என்னை வேறு மதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் தொடங்க ஒரு நாள்கூட ஆகவில்லை. பேர் வைத்த மறுநாள் காலை, பால் பாக்கெட்டைக்கூட இன்னும் வெட்டவில்லை, போன் அடித்தது. தம்பியின் மூத்த மகள்.

"ஆக்டேவியா அத்தையா?"

அவளுக்குப் பின்னால் போதும்பொண்ணு அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது.

"ஆமாடி, ஆக்டேவியாதான் பேசுறேன்," என்றேன்.