பன்னிரண்டு நிமிடக் கச்சேரியும் அசெம்ப்ளி பாயிண்ட்டும்

கனவு காண்பதற்குக் கம்பெனி பஸ்ஸை விட வசதியான இடத்தை நான் இதுவரை கண்டதில்லை. காலை ஐந்தே முக்காலுக்குப் படப்பையில் ஏறினால் ஒரகடம் போய்ச் சேரும்வரை யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். நான் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். இன்ஜின் அதிர்வு கண்ணாடி வழியாக மண்டைக்குள் இறங்கும். வெளியே ஏரி மேல் பனி நிற்கும். அந்த அரைத் தூக்கத்தில் நான் ஒரு பெரிய இசைக் கலைஞன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்தை அந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் அங்குலம் அங்குலமாகத் திட்டமிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. ஓவர்டைம் பார்த்ததெல்லாம் ஒரு பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் மாடுலர் சிந்தசைசர். (முதன்முதலில் அது வீட்டுக்கு வந்தபோது அம்மா இன்வெர்ட்டர் என்று நினைத்து, கரண்ட் போனால் எத்தனை ஃபேன் ஓடும் என்று கேட்டாள்.) கீபோர்டு மாதிரி இதில் வாசிக்கக் கட்டைகள் கிடையாது. சூட்கேஸ் அளவுப் பெட்டிக்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் பலகைகள் இருக்கும். ஒன்று சத்தத்தை உண்டாக்கும், ஒன்று அதை மழுக்கும், ஒன்று மெதுவாக ஏற்றி இறக்கும். ஒவ்வொன்றிலும் ஏழெட்டு ஓட்டைகள். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வயர் போகிறதோ, அதுதான் பாட்டு. வயரைப் பிடுங்கினால் பாட்டு போச்சு. அந்தப் பெட்டிக்கு ஞாபகம் என்று எதுவும் கிடையாது.

அப்பா அருளப்பன், அம்பத்தூரில் முப்பது வருஷம் எலக்ட்ரிக்கல் பேனல் கட்டி ஓய்வு பெற்றவர். அவர் கட்டிய பேனலின் கதவைத் திறந்தால் உள்ளே வயர்களெல்லாம் எண்ணெய் வைத்துத் தலை வாரியதுபோல் இருக்கும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். என் பெட்டியை முதல் தடவை பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இன்னாடா இது, கொத்தா தொங்கிகினு கீது? இத்த கட்டினவன் பாதியில வூட்டுக்குப் போயிட்டானா?"

கட்டினவன் நான்தான் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் தைரியம் வந்து, வேலையை விட்டுவிட்டு இசைக்கே போய்விடப் போகிறேன் என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார்.

"ஒரு தபா நாலு பேர் முன்னாடி வாசி. நான் வந்து கேக்கறேன். எனக்குப் பிடிச்சா வேலைய வுடற லெட்டரை நானே எழுதித் தரேன்."

நாலு பேருக்குப் பதில் நானூறு பேர் கிடைத்தார்கள். எங்கள் கம்பெனியில் ஃபேமிலி டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு வந்து கேன்டீன் ஹாலில் ஆடிப் பாடிச் சாப்பிட்டுப் போகிற விழா. எச்.ஆர். மேடத்திடம் "மியூசிக்" என்றேன். பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தார். (சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.)

ஒன்றரை மாதம் பஸ்ஸிலேயே திட்டம் போட்டேன். வேலை விவரம் எழுதித் தரும் பழைய ஜாப் கார்டுகளின் பின்பக்கமெல்லாம் கட்டங்களும் கோடுகளுமாக நிறைந்தன. முதல் மூன்று நிமிஷம் ஏரிப் பனி. சத்தமா காற்றா என்று தெரியாத ஒன்று ஹாலுக்குள் மெல்லப் பரவும். பிறகு எங்கேயோ தூரத்தில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் மூச்சு விடுவது போல் ஒரு தாளம். அதன் மேல் தகரக் கூரையில் மழை. மழை வலுக்கும், பஸ்கள் வரும், ஷிப்ட் மாறும், எல்லாம் அடங்கும். கடைசியில் ஒரே ஒரு மெல்லிய சத்தம், தூங்குகிற குழந்தையின் மூச்சளவு. நான் கண்ணை மூடினால் நானூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவின் கன்னத்தில் மட்டும் ஒரு சொட்டு இறங்கும். (இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கே கண் கலங்கிவிடும். பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை ஜலதோஷம் என்று நினைத்துத் தைலம் கொடுத்தார்.)

அதே மாதம் கம்பெனியில் இன்னொரு ஒத்திகையும் நடந்துகொண்டிருந்தது. சைரன் அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, ஓடாமல், வரிசையாக நடந்து, கேட்டுக்குப் பக்கத்தில் அசெம்ப்ளி பாயிண்ட் என்று பச்சைப் பலகை வைத்த இடத்தில் போய் நிற்க வேண்டும். சேஃப்டி ஆபீசர் ஞானசேகரன் சார் தலை எண்ணுவார். முதல் தடவை ஆட்கள் டீ கிளாஸோடு ஆடி அசைந்து வந்ததில் அவருக்கு ஆத்திரம். வாரத்துக்கு இரண்டு தடவை சைரனை அடித்தார். மாதக் கடைசியில் அந்தச் சத்தத்துக்கு எங்கள் கால்கள் எங்களைக் கேட்காமலே எழுந்து நடந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் முப்பத்தொரு வயர்களையும் சொருகி, ஒருமுறை வாசித்துப் பார்த்து, அப்படியே மூடியைப் பூட்டினேன். மேடையில் சுவிட்சைப் போட்டால் போதும். மறுநாள் அம்மாவும் நானும் காலைப் பூசைக்குப் போனோம். மூட்டு வலி என்று அப்பா வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் தலை வாரி, பவுடர் பூசி, மூட்டு வலியே இல்லாதவர் மாதிரி பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்திருந்தார். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் நான் அப்போதே ஏரிப் பனிக்குள் போய்விட்டிருந்தேன்.

என் முறை வந்தது. மேடைக்குப் போய் மூடியைத் திறந்தேன்.

வயர்கள் இருந்தன. மிக அழகாக இருந்தன. சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். ஒவ்வொரு கொத்தையும் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, வால் நறுக்கி, ஒவ்வொரு நுனியிலும் நம்பர் போட்ட குட்டி வளையம் மாட்டியிருந்தது. மேல் ஓட்டையிலிருந்து நேர் கீழ் ஓட்டைக்கு ஒன்று. ஒரு வயர்கூட இன்னொரு வயரின் குறுக்கே போகவில்லை. ஏரி, பனி, மழை, குழந்தை, எதுவும் அதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் அப்பா என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார். வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் பேனல் கதவைச் சாத்துகிறவரின் தலையாட்டல் அது.

எந்த வயர் எங்கே என்று வரைந்து வைத்த ஜாப் கார்டுகள் வீட்டில் யூனிஃபார்ம் பாக்கெட்டில் இருந்தன. எச்.ஆர். மேடமோ, இப்போது நம் டேனியல் ஓர் இனிய பாடலை வழங்குவார் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். எதையாவது வாசித்துச் சமாளிக்கலாம் என்று சுவிட்சைப் போட்டேன்.

மெதுவாக ஏற்றி இறக்கும் பலகையை அப்பா நேராகச் சத்தப் பலகைக்குக் கொடுத்திருந்தார். ஊ என்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அசல் கம்பெனி சைரன். ஸ்பீக்கர் பெரிதாக இருந்ததால் அசலை விடத் துல்லியமாகவே இருந்தது. பதற்றத்தில் கைக்குக் கிடைத்த குமிழைத் திருகினேன். வேகமாக ஏறி இறங்கியது. எங்கள் கம்பெனியில் வேகமான சைரனுக்கு, இது ஒத்திகை இல்லை, நிஜம் என்று அர்த்தம்.

யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. கேசரித் தட்டுகளை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டுப்புடவை கட்டிய பெண்களைக்கூட வரிசைப்படுத்தி, இரண்டு கதவு வழியாகவும் சீராக வெளியேறினார்கள். அம்மாவையும் யாரோ பொறுப்பாக அழைத்துப் போய்விட்டார்கள். என் டிபார்ட்மென்ட் ஆட்கள் இருவர் கற்றுக்கொடுத்தபடியே போய் மெயினை அணைத்தார்கள். சைரன் நின்றது. ஃபேன்களும் நின்றன. என் கச்சேரி அத்தோடு முடிந்தது.

நானூறு காலி நாற்காலிகளுக்கு முன்னால் அப்பா மட்டும் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே இரண்டு தலை குறைந்ததால் ஞானசேகரன் சார் ஹெல்மெட்டோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், விஷயம் புரிந்தது. திட்டுவார் என்று குனிந்து நின்றேன். அவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு சேர்த்து நாலு நிமிஷத்துக்குள் ஹால் காலி. அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. (அடுத்த மாதம் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எனக்கு ஒரு சான்றிதழும் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். இசைக்காக நான் வாங்கிய ஒரே பரிசு அது.)

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். வயரிங் எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்? பிரமாதம் என்றேன். இன்றுவரை அவருக்கு உண்மை தெரியாது. பெட்டியே அப்படித்தான் கத்தும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மட்டும் ஏம்ப்பா எழுந்து போகல?" என்று கேட்டேன்.

"சைரன்னு எனக்கும் தெரிஞ்சுதுடா. நீ மேல நின்னுகினு இருந்த. உன்ன வுட்டுட்டு எங்க போறது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏரி வெயிலில் மினுங்கியது. பஸ்ஸில் நான் கண்ட கனவில் அழுதவர் அப்பா. நிஜத்தில் அழுதது நான்.

"பாட்டு நல்லால்ல. லெட்டரெல்லாம் எழுத முடியாது" என்றார் அவர். "அடுத்த தபா எப்போன்னு சொல்லு, வரேன்."

லெட்டர் எழுதப்படவே இல்லை. இப்போது நான் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். எப்போதாவது விடுமுறை நாளில் சென்னையில் இருபது பேர் முன்னால் வாசிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் அப்பா பெட்டியை வாங்கி வயர்களை வரிசைப்படுத்தித் தருகிறார். நான் முன்னதாகவே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, போன இடத்தில் கேபிள் டைகளை வெட்டிவிட்டு மறுபடி சொருகிக்கொள்கிறேன். இந்த ரகசியம் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பயிற்சிக்கு உட்கார்ந்து முதல் சத்தம் எழுந்ததும் என் மகள் "அசெம்ப்ளி பாயிண்ட்" என்று குரல் கொடுப்பாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். ஸ்டெல்லாவோடு மூன்று பேரும் வரிசையாக நடந்து வீட்டு கேட் ஓரம் போய் நிற்பார்கள். ஸ்டெல்லா, வாசிக்கிற என்னைக் கணக்கில் சேர்க்காமல் தலை எண்ணிவிட்டு, ஒண்ணு குறையுது என்பாள்.

என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டுவார்.

"நான் உள்ளதான் கீறேன். எண்ணிக்கோ."